வேட்டிக் கரை வைத்த தொப்பி

என் அம்மாவின் தொப்பியைத் தூக்கிப் போட்டது நான்தான். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. போன மாதம்தான் அம்மாவிடமே சொன்னேன். அவள் சொன்ன பதிலைக் கேட்டதிலிருந்து, இதை எழுதித் தொலைத்தால்தான் தூக்கம் வரும் என்று ஆகிவிட்டது. நம் செட்டு ஆட்களுக்குத்தான் எழுதுகிறேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வயதில் இந்த ஊரில் வந்து இறங்கி, இப்போது கொழுப்பு மாத்திரையும் பிள்ளைகளின் காலேஜ் அப்ளிகேஷனுமாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு. நம் பிள்ளைகள் படித்துவிடுவார்கள் என்ற பயமில்லை. தமிழில் எழுதுவதைப் போலப் பத்திரமான பூட்டு இந்த நாட்டில் வேறு கிடையாது.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்தால் விடாதவன். அதே ஆள்தான் டொர்னாடோ சைரன் ஊதினால், மனைவி பிள்ளைகளைக் கூப்பிடும் முன்பே தலையணையோடு பாத்டப்பில் படுத்திருப்பவன். ஸ்மோக் அலாரத்தில் பாட்டரி தீர்ந்து கீச்சென்றால் முதலில் பாஸ்போர்ட்டை எடுப்பவன். “உங்களுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சு?” என்று மனைவி கேட்கும்போதெல்லாம் “பரம்பரைச் சொத்து” என்பேன். பொய். அது டெக்ஸஸில், ரிச்சர்ட்சன் என்ற ஊரில், ஓர் இலையுதிர்காலத்தில் நானே பாடுபட்டுச் சேர்த்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடி. அப்பா ஒரு டெலிபோன் கம்பெனியில் இன்ஜினியர். காலை ஏழுக்குப் போனால் இருட்டிய பிறகு வருவார். அம்மாவுக்கு டிரைவிங் தெரியாது. அவளுடைய விசாவில் வேலை பார்க்கவும் அனுமதி இல்லை. ஈரோட்டில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவள், இங்கிலீஷ் பேப்பரை வரி விடாமல் படிப்பாள். வாயைத் திறந்து பேச வேண்டும் என்றால் மட்டும் அப்பா முகத்தைப் பார்ப்பாள். அப்பா பேசிவிடுவார்.

நான் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பால்கனியில் நிற்பாள். கீழே புல்தரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய் டிக் டிக்கென்று சுற்றிக்கொண்டிருக்கும். பார்க்கிங் முழுக்கக் கறுப்புப் பறவைகள், துருப்பிடித்த கதவு போலக் கத்திக்கொண்டு நடக்கும்.

“இன்னைக்கு யாராச்சும் வந்தாங்களாம்மா?”

“போஸ்ட்மேன் வந்தாப்ல. கீழயே போட்டுட்டுப் போயிட்டாப்ல.”

அதை ஒரு செய்தியாகவே சொல்வாள். ஒருநாள் கதவைத் திறந்தபோது சமையலறையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். ஆசையாக உள்ளே ஓடிப் பார்த்தால், ஃப்ரிட்ஜ். “சும்மா உறுமீட்டே இருக்குது சாமி. அதான் என்னன்னு கேட்டேன்,” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வகுப்பில் போய்ச் சொல்லி அங்கேயும் சிரிப்பு வாங்கினேன். என் முதல் ஜோக் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான்காம் வகுப்பில் எங்களுக்கு டெக்ஸஸ் வரலாறு. நூற்றைம்பது வருடம் முன்பு கிழக்கிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, இந்தப் புல்வெளியை உழுது குடியேறிய குடும்பங்களின் கதை. ஊருக்கு வெளியே அப்படி ஒரு குடும்பத்தின் பழைய பண்ணையை அப்படியே வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வகுப்போடு பஸ்ஸில் போனோம். பெற்றோரும் வரலாம் என்றார்கள். அம்மா சேலைக்குக் கீழே அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பண்ணை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் வெள்ளையடித்த பலகை வீடு. அதற்குப் பின்னால் இருபதடி தள்ளித் தனியாக ஒற்றை அறையில் ஒரு சமையற்கட்டு. ஒரு கிணறு, ஒரு கொட்டகை, நாலைந்து பெக்கான் கொட்டை மரங்கள். காய்கள் தகரக் கூரையில் படார் படாரென்று விழும்போதெல்லாம் வகுப்பே குனிந்தது. முதலில் குனிந்தது நான்.

பண்ணையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அந்தக் காலத்துப் பாவாடை, தலையையும் கன்னத்தையும் மறைக்கிற துணித் தொப்பி. எல்லோரையும் ‘ஹனி’ என்றுதான் கூப்பிடுவார். நெட்டையான ஒரு மரக்குடத்தில் கம்பை விட்டு மேலும் கீழும் இடித்துக்கொண்டே, குடியேறிகள் இப்படித்தான் வெண்ணெய் எடுத்தார்கள் என்றார். வெண்ணெய் வரவில்லை. கால் மணி நேரம் இடித்தும் வரவில்லை.

அம்மா என் காதுக்குள் குனிந்தாள். “வெயில்ல வெச்சுட்டு இடிச்சா எப்படிச் சாமி திரளும்? சொல்லு அந்த அம்மணிகிட்ட.”

நான் சொல்லவில்லை. வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே போய், குடத்தை இழுத்து நிழலில் வைத்தாள். கிணற்றுத் தண்ணீரில் ஒரு சாக்கை நனைத்து அதைச் சுற்றிக் கட்டினாள். அந்த அம்மணியின் கையிலிருந்து கம்பை வாங்கினாள். நான் ஒரு பையனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. சளக் சளக் என்றிருந்தது தொப் தொப் என்று கனத்தது. அம்மா மூடியைத் திறந்து, கையை விட்டு, ஒரு மஞ்சள் உருண்டையை எடுத்துக் காட்டினாள். என் வகுப்பு கைதட்டியது. அமெரிக்காவில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

“ஹனி, வர்ற சனிக்கிழமை நீங்க என்ன பண்றீங்க?” என்று அந்த அம்மணி இங்கிலீஷில் கேட்டார்.

பக்கத்தில் அப்பா இல்லை. அம்மா தானே பதில் சொன்னாள். “நத்திங்.”

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா எங்கள் இருவரையும் பண்ணையில் இறக்கிவிடுவார். குளிர்காலம் தொடங்கும்வரை அங்கே சீசன். சம்பளம் கிடையாது, அதனால் விசாவுக்கு வம்பும் கிடையாது. உடை எடுத்துத் தருவதற்காக அந்த அம்மணி என்னிடம் எங்கள் இருவர் வயதையும் கேட்டுக்கொண்டார். அம்மாவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு முரட்டு கவுன், ஒரு துணித் தொப்பி. எனக்கு முழங்கால் வரைக்கும் ஒரு கால்சட்டை, தோளில் பட்டை வைத்தது. பெயரைக் கேட்டார்களா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும் நீளமான பெயர். ‘ஹனி’ சௌகரியமாக இருந்திருக்கும்.

பின்பக்கச் சமையற்கட்டு அம்மாவின் ராஜ்ஜியம். விறகு அடுப்பைப் பற்ற வைக்க மற்றவர்கள் பேப்பர் பேப்பராகக் கொளுத்திக்கொண்டிருப்பார்கள். அம்மா இரண்டு சுள்ளியைக் குறுக்கே வைத்து ஒரு ஊது ஊதுவாள். கனத்த இரும்புச் சட்டியில் மக்காச்சோள மாவு ரொட்டி. இரண்டாவது வாரமே அதில் பச்சை மிளகாயும் சீரகமும் நுழைந்துவிட்டன. “இவங்க வரலாத்துல மொளகா இருந்துச்சோ என்னமோ, இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்,” என்றாள். வந்தவர்கள் இரண்டாவது துண்டு கேட்டார்கள். அம்மா இங்கிலீஷ் பேசினாள். “டேக், டேக். ஹாட். ப்ளோ பண்ணுங்க.” புகையில் கண் சிவந்து, மூக்கு நுனியில் மாவு ஒட்டி, பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்த அம்மாவை வாரத்தின் மற்ற ஆறு நாளும் நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் சட்டையெல்லாம் விறகு வாசம். அதைத் துவைக்காமல் செவ்வாய்க்கிழமை வரை வைத்திருப்பாள்.

மதியம் இரண்டு மணிக்கு முன்வீட்டில் ஒரு சிறு நாடகம். அந்தக் குடும்பத்து அண்ணன் தம்பிகளின் சண்டை. ஓய்வுபெற்ற ஒரு பல் டாக்டர்தான் அண்ணன். பருத்தி போட ஆள் வேண்டும், இவர்கள் இல்லாமல் பண்ணையம் நடக்காது என்பார். ஒல்லியான ஒரு பாங்க் ஊழியர்தான் தம்பி. மனுசனை மனுசன் வைத்துக்கொள்வது பாவம், நான் வடக்கே போகிறேன், அடிமை வைக்காத மண்ணில் குடிசை போட்டுக்கொள்கிறேன் என்பார். அண்ணன் மேசையில் ஓங்கிக் குத்துவார். அதுதான் எங்களுக்குச் சைகை. அம்மா ரொட்டித் தட்டோடும் நான் தண்ணீர் ஜாடியோடும் பின்வாசல் வழியாக உள்ளே போய், மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வர வேண்டும். நாங்கள் போனதும் தம்பி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுவார். எல்லோருக்கும் லெமனேட்.

நாங்கள் யார் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அம்மா தட்டோடு நுழைந்ததும் சபை அப்படியே அடங்கிவிடும். சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அப்பா ஒரு சனிக்கிழமை கேமராவோடு வந்து கடைசி வரிசையில் நின்று பார்த்தார்.

“பாத்தியா புள்ள, நீ வந்ததும் எல்லாரும் கப்சிப்னு ஆயிட்டாங்க,” என்றார் காரில்.

“ரொட்டி வாசம்ங்க,” என்றாள் அம்மா வெட்கத்தோடு.

அந்த ஆறேழு வாரத்தில் எங்கள் மூவரையும் போல் சந்தோஷமான முட்டாள்கள் டெக்ஸஸில் இருந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டியவர் ஒரு கறுப்பின ஆன்ட்டி. நான் எப்போதும் அவருக்கு நேர் பின்சீட். விபத்து நடந்தால் முதலில் இறங்கலாம் என்ற கணக்கு. ஒரு சனிக்கிழமை அவர் தன் மகளோடு பண்ணைக்கு வந்திருந்தார். நாடகம் முடிந்ததும் லெமனேட் பக்கம் போகவில்லை. நேரே சமையற்கட்டுக்கு வந்து, வாசலில் நின்று, சுவர், அடுப்பு, கூரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மா ரொட்டி கொடுத்தாள். நின்றபடியே முழுவதும் சாப்பிட்டார்.

“நீங்க இங்க யாரு?” என்று கேட்டார்.

“குக்,” என்றாள் அம்மா பெருமையாக. “சாட்டர்டே ஒன்லி.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை பஸ்ஸில் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார். “உங்கம்மா ரொட்டி நல்லா இருந்துச்சு. அந்த வீட்டு நடையில கண்ணாடிச் சட்டத்துக்குள்ள ஒரு பேப்பர் மாட்டியிருக்கு. அதை நீ படிச்சிருக்கியா?”

“இல்ல.”

“படி.”

அடுத்த சனிக்கிழமை படித்தேன். பழைய கையெழுத்தின் நகல். மேலே பண்ணைக்காரரின் முழுப்பெயர், அழகாகச் சுழித்து எழுதியது. அதற்குக் கீழே, அவருடைய அடிமைகள் என்ற தலைப்பில் வெறும் இரண்டு வரி. பெயர் இல்லை.

பெண், முப்பத்தொன்று.

ஆண், பத்து.

அம்மாவுக்கு அப்போது முப்பத்தொன்று.

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். நானும் இப்போது சிரிப்பேன். ஆனால் பத்து வயதில் இந்த மூளை எடுத்த ஓட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் வயதை அந்த அம்மணி ஏன் கேட்டார்? உடை எப்படி இவ்வளவு கச்சிதமாக இருந்தது? அம்மா ஏன் சம்பளமில்லாமல் வேலை செய்கிறாள்? பல் டாக்டர் என் வாயைப் பார்த்து “நல்ல பல்லு” என்று ஏன் சொன்னார்? அன்று இரண்டு மணிக்கு வாயை இறுக மூடிக்கொண்டு போய், தண்ணீர் ஜாடியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் விசாரணை நடத்தினேன். அவர் சோஃபாவில் பேப்பரோடு இருந்தார்.

“அப்பா, நாம நெனச்சா இந்த ஊர விட்டுப் போயிரலாமா?”

“முடியாது சாமி. பேப்பர் வர்ற வரைக்கும் கம்பெனிக்காரன் விடமாட்டான்.”

“பேப்பர் யாருகிட்ட இருக்குது?”

“கம்பெனிகிட்டத்தான். அவந்தான நம்மளக் கூட்டிட்டு வந்தவன்.”

“அம்மா?”

“அம்மா எம் பேப்பர்லதான் இருக்கா. நீயும் அதுலதான்.” பக்கத்தைத் திருப்பினார். “கிரீன் கார்டு வந்துட்டா எல்லாரும் ஃப்ரீ.”

ஒரு நல்ல தகப்பன் தன் மகனுக்கு இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது. அன்றைக்கே ஸ்கூல் பையில் மூன்று பாஸ்போர்ட், ஒரு பாட்டில் இட்லிப் பொடி, அட்லஸிலிருந்து கிழித்த ஒரு பக்கம் எல்லாம் ஏறிவிட்டன. நாடகத்துத் தம்பி போன திசை வடக்கு. ஆனால் வடக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அது தெரியும்வரை நாள் கடத்த வேண்டும். உடை இல்லாவிட்டால் ஆள் இல்லை என்பது என் கணக்கு. கவுன் பெரிது, ஒளிக்க முடியாது. துவைத்து மடித்து வைத்திருந்த தொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய், மளிகைக் கடை பார்க்கிங்கில் பழைய துணி போடும் இரும்புப் பெட்டிக்குள் தள்ளினேன். மூடி டங்கென்று விழுந்தது.

அம்மா இரண்டு நாள் வீட்டைப் புரட்டிப் போட்டாள். அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். “அடுத்தவங்க பொருளுங்க. நம்பிக் குடுத்தாங்க,” என்று அப்பாவிடம் சொல்லும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் கணக்கு வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு வந்தபோது அவள் பால்கனியில் இல்லை. உள்ளே தரையில் உட்கார்ந்து, அப்பாவின் வேட்டி ஒன்றை வெட்டி, கையால் தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தொப்பி. முகத்தைச் சுற்றி வரும் விளிம்பில் வேட்டியின் பச்சைக் கரை. போட்டுக்கொண்டு திரும்பினாள்.

“எப்படிச் சாமி? அதவிட இது நல்லாருக்குதல்ல?”

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை.

சனிக்கிழமை அந்தத் தொப்பி பெரிய வெற்றி. ‘ஹனி’ அம்மணி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். யாரோ படம்கூட எடுத்தார்கள். இரண்டு மணி நெருங்கியது. அம்மா தட்டில் ரொட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். முன்வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது கேட்டது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“அம்மா, நீ போகாதம்மா.”

“ஏஞ்சாமி, வயிறு வலிக்குதா?”

“நீ குக் இல்லம்மா. அங்க சுவத்துல எழுதியிருக்குது. பொம்பளை ஒண்ணு, பையன் ஒண்ணு. அவங்க அடிமைங்கம்மா. முப்பத்தொண்ணு, பத்து. நாமதான் அது. நம்ம வயசைக் கேட்டாங்கல்ல.”

அம்மா என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பஸ் ஆன்ட்டி பார்த்த அதே வரிசை. முன்வீட்டில் மேசையில் குத்து விழுந்தது.

“காத்திருப்பாங்க,” என்று தட்டை எடுத்தாள்.

நடையில், அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் முன்னால் நின்றாள். இரண்டு வரிதான். அதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. உள்ளே பல் டாக்டர் மறுபடி குத்தினார். பாங்க் தம்பி சொன்ன வசனத்தையே திரும்பச் சொன்னார். மூன்றாவது குத்தில் மேசை மேலிருந்த ஏதோ விழுந்து உருண்டது. அம்மா உள்ளே போனாள். சபை வழக்கம்போல அடங்கியது. தட்டை வைத்துவிட்டு அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி, தன்னைப் பார்ப்பவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, சட்டியைத் துடைத்துக் கவிழ்த்தாள். விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். கவுனையும் தொப்பியையும் மடித்துப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

“போலாம் சாமி.”

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டின்போதுதான் அப்பாவிடம் சொன்னாள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

“நம்மளப் பத்தி என்னன்னு நெனச்சுட்டாங்க? நாங்க ஆளு வெச்சுப் பண்ணையம் பண்ணுனவங்க. பருத்திக் காட்டுல எங்கய்யன் சத்தம் போட்டா பத்து ஆளு ஓடியாருவாங்க. எங்களப் போயி. இரு, ஒரு லெட்டர் எழுதறேன்.”

அம்மா ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். “அந்தப் பத்து ஆளுக பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?”

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “வண்டிமாடு ரெண்டு இருந்துச்சு. செவலை, மயிலைன்னு,” என்று தொடங்கி, நிறுத்திவிட்டார்.

“எங்கூட்லயும் பருத்தி எடுக்க ஒரு பொம்பளை வரும்ங்க. கொட்டாங்குச்சியிலதான் தண்ணி ஊத்துவோம், தள்ளி நின்னு. நானே ஊத்தியிருக்கறேன். பேரு தெரியாது,” என்றாள் அம்மா. கொஞ்சம் கழித்து, யாருக்கும் இல்லாமல், “அவ நின்ன எடத்துல நின்னுட்டு நான் சிரிச்சுட்டு இருந்திருக்கறேன்,” என்றாள். எந்த ‘அவ’ என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. அப்பா லெட்டர் எழுதவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் எல்லோரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

“ஆன்ட்டி, வடக்கு எந்தப் பக்கம்?”

“வடக்குல உனக்கு என்ன வேலை?”

பையைத் திறந்து பாஸ்போர்ட், அட்லஸ், இட்லிப் பொடி எல்லாவற்றையும் காட்டி விளக்கினேன். கம்பெனி, பேப்பர், முப்பத்தொன்று, பத்து, பல் டாக்டர். அந்த ஆன்ட்டி ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து சிரித்த சிரிப்பில் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகு சிரிப்பு இல்லை.

“உங்கப்பாவுக்கு இந்த வேலை பிடிக்கலைன்னா என்ன ஆகும் தெரியுமா? டிக்கெட் எடுத்து ஊருக்குப் போவீங்க. யாரும் நாயை விட்டுத் தேட மாட்டாங்க. யாரும் உன்னை உங்கம்மாகிட்டயிருந்து பிரிச்சு விக்க மாட்டாங்க. அவங்க கதை வேற, உங்க கதை வேற. கலக்காத.” பிறகு கொஞ்சம் மெதுவாக, “நான் உன்னைப் படிக்கச் சொன்னது, உங்கம்மா யாரோட இடத்துல நிக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு நிக்கட்டும்னுதான். நிக்க வேணாம்னு இல்ல.”

வெள்ளிக்கிழமையே கேட்டிருந்தால் போதும். வீட்டுக்கு ஓடினேன். அம்மா பால்கனியில் நின்றிருந்தாள். “அம்மா, நாம அடிமை இல்லையாம், பஸ் ஆன்ட்டி சொல்லிட்டாங்க,” என்றேன். “தெரியும் சாமி,” என்றாள். அடுத்த சனிக்கிழமை போகவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலிங்பெல் அடித்தது. அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா கதவு ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு என் வாயைப் பொத்தினாள். கதவின் கீழ் இடுக்கில் இரண்டு பழுப்பு ஷூக்கள் தெரிந்தன. “ஹனி?” என்றது குரல். “ஹனி, உடம்பு சரியில்லையா?” அம்மா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கையில் விறகு வாசம் போயிருந்தது, ஏதோ சோப்பு வாசம். அந்த ஷூக்கள் நெடுநேரம் இருந்தன. பிறகு இல்லை. வாசலில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பீச் பழம் போட்டுச் சுட்ட இனிப்பு, இன்னும் சூடாக.

“ஏம்மா தொறக்கல?”

“என்னன்னு சொல்றது சாமி? எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் இல்லியே.”

அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் தயிர் உறைகிறது. திருப்பிக் கொடுக்கப் போகவே இல்லை.

போன மாதம் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தேன். அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. ஃப்ரீவேயில் ஒரு பலகையைப் பார்த்து அம்மாவே கேட்டாள். “அந்தப் பண்ணை இன்னும் இருக்குதா சாமி?”

இருந்தது. சுற்றிலும் டவுன்ஹவுஸ்கள், நடுவில் அந்த வீடு. அண்ணன் தம்பி நாடகம் இப்போது கிடையாது. கண்ணாடிச் சட்டம் முன்வீட்டு நடையிலிருந்து சமையற்கட்டுக்கு வந்திருக்கிறது, அடுப்புக்கு மேலே. ‘இந்த அறையில் வாழ்ந்து உழைத்தவர்கள். பெயர்கள் தேடப்படுகின்றன’ என்று கீழே ஒரு வரி. எதிர்ச் சுவரில் காட்சியகத்தின் பழைய நாட்களைக் காட்டும் படங்கள். மூன்றாவது படத்தில் அம்மா. வேட்டிக் கரைத் தொப்பி, மூக்கு நுனியில் மாவு, பற்கள் தெரியச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை வைத்தே எனக்கு நேரம் தெரிந்தது. இரண்டு மணிக்கு முன்னால் எடுத்த படம்.

கீழே அச்சிட்டிருந்தது: தன்னார்வலர். பெயர் தெரியவில்லை.

அம்மா கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். விரலால் கரையைத் தொட்டாள். “உங்கப்பன் வேட்டி,” என்றாள்.

வழிகாட்டியாக நின்ற இளம்பெண் ஆர்வமாக வந்தாள். “இவங்களைத் தெரியுமா? பேர் கிடைச்சா எழுதிடுவோம்.”

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். நாற்பதை எப்போதோ தாண்டியவனைக் கிள்ளினாள். அடுப்புக்கு மேலிருந்த சட்டத்தைக் காட்டி, இங்கிலீஷில், நிதானமாக, தானே கேட்டாள். “அவங்க பேரு கிடைச்சுதா?”

“இன்னும் இல்ல மேடம். தேடிட்டு இருக்கோம்.”

“கிடைக்கட்டும். அப்புறம் வர்றேன்,” என்று அம்மா வெளியே நடந்தாள்.

காரில் ஏறினோம். சீட் பெல்ட்டை மாட்டாமலே சொல்லிவிட்டேன். தொப்பியை நான்தான் எடுத்தேன் என்று, பழைய துணிப் பெட்டியில் போட்டேன் என்று, பயந்துவிட்டேன் என்று, அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று. நடுவில் ஒரு ஜோக்கும் அடித்தேன். பல் டாக்டர் ஜோக். அம்மா சிரிக்கவில்லை.

“தொப்பி போனாப் போகுது,” என்றாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் எங்கே பார்க்கிறாள் என்று தெரியவில்லை. “நீ சொன்னது நல்லதுதான். தெரியாம நிக்கறது தப்புத்தான்.”

பார்க்கிங்கில் கறுப்புப் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. நான் கார் சாவியைத் திருகினேன்.

“ஆனா சாமி,” என்றாள், “சீசன் முடிய இன்னும் நாலு சனிக்கிழமை இருந்துச்சு.”